பின்மூடி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நானும் அப்பாவும் நலம். இதை நீ கேட்கவில்லை. கடிதம் என்றால் நலத்தில் தொடங்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்துத் தொலைத்திருக்கிறார்கள், அதற்காகச் சொன்னேன். இனி நீ கேட்டவர்களின் நலத்துக்கு வருகிறேன்.

உன் நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றே முக்கால் பக்கம் லென்ஸ்கள்தான். மீதிக் கால் பக்கத்தில் அப்பாவின் முதுகுவலியும் என் பரீட்சையும் கடைசி பஸ்ஸில் ஏறியவர்கள் மாதிரி ஒரே வரியில் நெருக்கியடித்து நின்றிருந்தன. அதனால் முக்கியமானவர்களை முதலில் கவனிக்கிறேன்.

உன் மூத்தவன், ஐம்பது மி.மீ. லென்ஸ், நலம். அகலக்கண்ணனும் நலம். அவன் வழியாகப் பார்த்தால் நம் சமையலறை கல்யாண மண்டபம் மாதிரித் தெரியும் என்று சிரிப்பாயே, இப்போது அவன் இல்லாமலே வீடு பெரிதாகத்தான் தெரிகிறது. நீளமூக்கி நலமோ நலம். அவளை வைத்து எதிர்க் கட்டிடத்து ஆன்ட்டி பார்க்கும் சீரியலை நான் பார்ப்பதில்லை என்று உறுதி கூறுகிறேன். சத்தம் கேட்காததால் கதை புரியவில்லை.

நீ சொன்னபடி எல்லாம் நடக்கிறது. லென்ஸ் மாற்றும்போது மின்விசிறியை நிறுத்துகிறேன். கேமராவின் வாயைத் தரையைப் பார்த்துப் பிடிக்கிறேன். தூசியை வாயால் ஊதுவதில்லை, ரப்பர் குமிழால்தான் ஊதுகிறேன். முன்மூடி, பின்மூடி இரண்டும் இல்லாமல் ஒருவரையும் தூங்க வைப்பதில்லை. பெட்டிக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறினால் வாணலியில் போட்டு வறுத்து மறுபடி நீலமாக்குகிறேன். ஒருநாள் அப்பா அதைப் பலகாரம் என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டார். நல்லவேளை, தட்டிவிட்டேன். நாள் முழுக்க அடுத்தவர்களின் லிஃப்டை ஏற்றி இறக்கிப் பழுது பார்த்துவிட்டு வரும் மனிதருக்கு நம் வீட்டு அடுப்பில் எது சோறு, எது மணி என்று எப்படித் தெரியும்?

இப்போது கடைக்குட்டி. உன் மேக்ரோ, எறும்பையும் யானையாக்கிக் காட்டும் லென்ஸ். நான் வைத்த பெயர் கிட்டப்பார்வை. பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் படம் எடுக்கும் வேலை கிடைத்து நீ கிளம்பிய அன்று, வாசலில் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றபோது அவளைத்தான் என் கையில் கொடுத்தாய். அங்கே அவர்களே ஒன்று தருவார்கள், என் சொத்து இங்கேயே இருக்கட்டும், இது இங்க இருந்தா நான் வந்துதானே ஆகணும் வாலு, மழைக்கு முன்னாடி வந்துடுவேன் என்றாய். எந்த மழை என்று நான் கேட்டிருக்க வேண்டும். இரண்டு மழை போய்விட்டது.

சொல்ல வருத்தமாக இருக்கிறது. கிட்டப்பார்வைக்கு உடம்பு சரியில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி ஒரு இழை. நீ பயமுறுத்துவாயே, பூஞ்சை, அதுதான் என்று நினைக்கிறேன். எனக்குப் பார்க்கத் தெரியாது. தெரிந்தவர் நேரில் வந்து பார்த்தால் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை போனில் இதைச் சொல்லவில்லை. அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு, எனக்குக் கொடு, எனக்குக் கொடு என்று கையாட்டுவார். கொடுத்தால், ம், சரி, உடம்பைப் பாத்துக்க என்று மூன்றே சொல்லில் முடித்துவிட்டு என்னிடமே திருப்பித் தருவார். அதனால்தான் கடிதம்.

உடம்பைப் பார்த்துக்கொள். மூன்றாவது மழை தொடங்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் நால்வரின் காவலாளி,
வாலு

* * *

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். இவ்வளவு வேகமாக நீ பதில் போட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அம்மை போட்டபோது உன் கடிதம் வர இருபது நாள் ஆனது. பூஞ்சை என்றதும் ஆறே நாள்.

உறையைப் பிரிக்கும் பொறுமைகூட இல்லாமல் பல்லால் கிழித்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். கிளம்பி வருகிறேன் என்று ஒரு வரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பதில், உடனே அதை மற்ற லென்ஸ்களிடமிருந்து பிரித்துத் தனியாக வை, பூஞ்சை பரவும், கேமரா பழுது பார்ப்பவரிடம் எடுத்துக்கொண்டு போ என்று எழுதியிருந்தாய். பிரித்துத் தனியாக வைத்துவிட்டேன். இந்தக் குடும்பத்தில் அது பழகிய வேலைதானே.

அடுத்து, பள்ளியிலிருந்து உனக்குப் புகார் வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் கணக்கு வாத்தியார் மதிய இடைவேளையில் மேசையில் தலை சாய்த்துத் தூங்குவார். கிட்டப்பார்வையைப் பழைய கேமராவில் மாட்டிக்கொண்டு போய் அவர் காதுக்குள் முளைத்திருக்கும் முடியைப் படம் எடுத்தேன். நீ சொன்ன மாதிரியே லென்ஸின் வளையத்தைத் திருகாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, நானே இம்மி இம்மியாக முன்னே பின்னே அசைந்து தெளிவு பார்த்தேன். ஒவ்வொரு முடியும் மூங்கில் மாதிரி வந்தது. பெரிதாக அச்செடுத்து, ‘இது எந்த நாட்டுக் குகை? சரியான விடைக்குப் பரிசு உண்டு’ என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். நாற்பது பேர் விடை எழுதினார்கள். வாத்தியாரும் எழுதினார், ஏதோ தீவின் பெயரை.

அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கிரீஸ் கறை படிந்த சட்டையோடு தலைமையாசிரியை முன்னால் நின்றார். படத்தைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு, வீட்ல பொம்பளை இல்லாததுதான் இவளுக்குத் துளிர் விட்டுப்போச்சு, அம்மா எப்ப வர்றாங்க என்று கேட்டார். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், மழைக்கு முன்னாடி வந்துடுவாங்க மேடம் என்றார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. மூன்று பேருமே ஜன்னலைப் பார்த்தோம்.

திரும்பி வரும்போது அப்பா திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது ஒப்புதல் வாக்குமூலம். பூஞ்சை இல்லை. ஒரு இழைகூட இல்லை. நீ சொன்னாயே என்று, கேமரா பழுது பார்க்கும் நம் திருகாணி மாமாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். இன்னும் அதே இருட்டுக் கடையில், அதே முக்காலியில் உட்கார்ந்து, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன திருகாணிகளைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார். டார்ச் அடித்து முன்னும் பின்னும் பார்த்தார். கண்ணாடி பளிங்கு மாதிரி இருக்கே வாலு, யார் மேல கோவம் என்றார். கடைக்கு நேரமாச்சு மாமா என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். கடையிலிருந்துதான் ஓடி வந்தேன் என்பது தெருமுனைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

கடைசியாக, நீ அனுப்பிய வண்டுப் படம். கறுப்பு வண்டு. முதுகு கண்ணாடி மாதிரி மின்னுகிறது. மிக நன்றாக வந்திருக்கிறது. ஐம்பதைத் திருப்பிப் பிடித்தால் நல்ல பூதக்கண்ணாடி ஆகும் என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். அப்படிப் பிடித்துப் பார்த்தேன். வண்டின் முதுகில் ஒரு ஜன்னல் தெரிகிறது. ஜன்னலுக்கு முன்னால் கேமராவோடு நீ. உன் பக்கத்தில் ஒருவர் வெளிச்சத்துக்கு வெள்ளை அட்டை பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு கையில் அட்டை. இன்னொரு கை உன் தோளில். அட்டை பிடிக்க ஒரு கை போதும்தான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. படத்தைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்திருந்தேன். மறுநாள் காலை, அப்பா வேலைக்குக் கிளம்புமுன், அந்த ஐம்பதைக் கொஞ்சம் குடு என்று கேட்டார். உனக்குத் தெரியும், தினமும் லிஃப்டின் இரும்புவடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, மயிரிழைக் கம்பி ஒன்று அறுந்திருந்தாலும் கண்டுபிடிக்கும் கண் அவருடையது. நெடுநேரம் பார்த்தார். அப்புறம் முன்மூடி, பின்மூடி இரண்டையும் ஒழுங்காகப் போட்டு என்னிடம் தந்துவிட்டு, வண்டு நல்லா வந்திருக்கு என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டே, நான் எதுவும் கேட்காமல், ஒரு இழை அறுந்தா உடனே வடத்தை மாத்திட மாட்டோம், எண்ணிக்கிட்டே இருப்போம், ஒரு கணக்கு இருக்கு, அதைத் தாண்டினாத்தான் என்றார். எத்தனைப்பா என்று கேட்டேன். டப்பாவை மறந்துட்டேன் பாரு என்று சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பூச்சிகளைக் கேட்டதாகச் சொல். வெள்ளை அட்டைக்காரருக்கு என் விசாரிப்புகள் வேண்டாம்.

இப்படிக்கு,
வாலு

* * *

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நீ எழுதியது வந்தது. வேலையை இன்னும் மூன்று வருடம் நீட்டித்திருக்கிறார்கள், வாழ்த்துகள். நிலையத்து மேக்ரோவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள், அதனால் உன்னுடையதை அனுப்பச் சொல்லியிருக்கிறாய். நன்றாகப் பொதிந்து அனுப்பு, மேலே கவனம் என்று எழுது என்று வேறு. வண்டைப் பற்றி நான் எழுதியதற்கு ஒரு பதிலும் இல்லை. நீதான் சொல்வாயே, மேக்ரோவில் ரொம்பக் கிட்டே போனால் ஒரு புள்ளிதான் தெளிவாகத் தெரியும், அதற்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் மங்கிவிடும் என்று. நாங்கள் முன்னாலா, பின்னாலா என்றாவது எழுதியிருக்கலாம்.

லென்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த முறை பொய் இல்லை. நீ நம்பாவிட்டாலும் எழுதித்தான் ஆக வேண்டும். கிட்டப்பார்வைக்குப் பூஞ்சை வந்துவிட்டது.

போன முறை தனியாக வை என்றாய் அல்லவா, வைப்பதற்கு இன்னொரு பெட்டி இல்லை. கதவுக்குப் பின்னால் நீ மாட்டிவிட்டுப் போன பச்சைப் பருத்தித் துப்பட்டாவில் சுற்றி, என் அலமாரியில் வைத்தேன். பூஞ்சை பொய் என்று உனக்கு எழுதிய பிறகாவது எடுத்துப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. லென்ஸைத் துணியில் சுற்றாதே, துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று நீ நூறு முறை சொல்லியிருக்கிறாய். எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் துப்பட்டாவை நாங்கள் துவைக்கவே இல்லை அம்மா. பத்து வயதுப் பிள்ளை மாதிரி அதை எடுத்து முகர்ந்துகொண்டிருந்தால் எனக்கே கேவலமாக இருக்கும். லென்ஸைப் பார்க்கிற சாக்கில் பிரித்தால் கேவலமில்லை. அதனால் தினமும் லென்ஸைப் பார்த்தேன். துணியைத்தான் பார்த்தேன், கண்ணாடியைப் பார்க்கவில்லை. மழை முழுக்க அப்படியே போயிற்று.

உன் கடிதம் வந்த அன்று டார்ச் அடித்தேன். ஓரத்தில் ஒரு இழை. நான் பொய்யாக எழுதியதைக் கண்ணாடி படித்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வரைந்த மாதிரி இருந்தது. அழுதேனா என்று கேட்காதே.

திருகாணி மாமா இந்த முறை சிரிக்கவில்லை. வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். பூஞ்சை போய்விட்டது. ஆனால் கண்ணாடி மேல் பூசியிருந்த பூச்சைச் சின்னதாக ஒரு இடத்தில் தின்றிருக்கிறது. அது இனி போகாதும்மா, படத்துல தெரியாது, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா மட்டும் லேசா மங்கலா ஒரு தழும்பு தெரியும் என்றார். நான் செய்த தப்பு அது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்கத் தெரியாது எனக்கு. ஆனால் அதை வெளிச்சத்தில் பிடிக்கும்போதெல்லாம் உனக்குத் தெரியட்டும்.

அனுப்புவதா வேண்டாமா என்று மூன்று நாள் நினைத்தேன். தொலைந்துவிட்டது என்று எழுதலாம். விற்றுவிட்டேன் என்று எழுதலாம். பூனை அதை முட்டை என்று நினைத்து அடைகாக்கிறது என்று எழுதலாம். எனக்குப் பொய்யா வராது? அப்பாதான் அட்டைப் பெட்டி கொண்டுவந்தார். லிஃப்டின் பித்தான் பலகை வந்த பெட்டி. உள்ளே பஞ்சு வைத்தார், நுரை வைத்தார், ஆட்டிப் பார்த்தார், மறுபடி பிரித்து இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்தார். அனுப்பிடலாமாப்பா என்று கேட்டேன். அவளோடது, அவகிட்ட இருக்கட்டும் என்றார். மேலே உன் முகவரியைத் தன் கையாலேயே எழுதினார். உன் பெயரை மெதுவாக, எழுத்து எழுத்தாக எழுதினார். அப்புறம் கவனம் என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடு போட்டார். பார்சலுக்கு இரண்டு கோடு எதற்கு என்று தெரியவில்லை.

அவர் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். எத்தனையில் நிற்கிறார் என்று நான் இப்போது கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை அவரிடம் முதலில் கொடுக்கிறேன். மூன்று சொல்லுக்கு மேல் நான்காவதாக ஏதாவது சொன்னால் கொஞ்சம் பொறுத்துக் கேள்.

மற்ற மூவரும் நலம். நானே பார்த்துக்கொள்கிறேன். மணிகளை நேற்றுதான் வறுத்தேன். அந்தத் துப்பட்டாவைத் துவைத்துவிட்டேன், இப்போது சோப்பு வாசனைதான் வருகிறது.

பெட்டியைப் பிரிக்கும்போது திகைக்காதே. லென்ஸுக்கு முன்மூடி இருக்கும். பின்பக்கம் அப்பாவின் தைல டப்பா மூடியைக் கழுவிக் காயவைத்து, காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். தூசி போகாது, நான் பொறுப்பு. அதன் சொந்தப் பின்மூடி இங்கேயே, அலமாரியில், உன் துப்பட்டாவுக்கு மேல் இருக்கிறது. நீ வந்து எடுத்துக்கொள்ளலாம். எந்த மழைக்கு முன்னால் என்று இனி கேட்க மாட்டேன்.

அந்தப் பின்மூடி எந்தக் கேமரா கடையிலும் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். புதிதாக ஒன்று வாங்கிவிடாதே அம்மா.

உன் மகள்