காதைத் தொட்ட கை

அனுப்புநர்:
காளியம்மாள், க/பெ. மாசி,
ஏரிக்கரை இருளர் குடியிருப்பு,
உத்திரமேரூர் அஞ்சல், செங்கற்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: ஹாக்கி விளையாடும் என் மகள் அங்கம்மாளின் வயது பள்ளியில் கூடுதலாகப் பதிவானது – திருத்தித் தர வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல வேதகிரி என்பவர் எழுதுகிறார். மரியாதைக் குறைவாக ஏதாவது இருந்தால் அது என் வாய். அவர் பேனா அல்ல.

1. என் மூத்த மகள் அங்கம்மாள் உயர்நிலைப் பள்ளி ஹாக்கி அணியில் ஆடுகிறாள். யாருக்கும் எட்டாத பந்து அவள் கைக்கு எட்டும் என்பார் உடற்பயிற்சி ஆசிரியை சுலோச்சனா அம்மா. 'கை நீளம்' என்று எங்கள் ஜனத்தை ஏசித்தான் கேட்டிருக்கிறேன். வாலாஜாபாத் பந்தயத்தில் அதே கைக்கு ஊரே கை தட்டியது. அன்று நான் அழுதேன்.

2. கடந்த தை மாதம் சென்னையில் நடந்த இளையோர் அணித் தேர்வில், வயது தாண்டிவிட்டது என்று அவளை மைதானத்தில் இறங்கவே விடவில்லை. உண்மையில் தாண்டவில்லை ஐயா.

3. பிறந்த தேதி எழுதிவைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்பு பள்ளிக்குப் பிள்ளை சேர்க்க வந்த வாத்தியார், தலைக்கு மேலாகக் கையைப் போட்டு மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார். தொட்டால் ஐந்து வயது. இவளுக்கு அப்போது நாலுதான். நீளக் கை, தொட்டுவிட்டது. தொட்டுட்ச்சி சார் என்று என் கணவர் கத்தியது இன்னும் என் காதில் கீது. பள்ளியில் ஒரு வேளை சோறு கிடைக்குமே என்று எங்களுக்குச் சந்தோஷம்.

4. யார் பொறுப்பு என்று அலைந்தேன். தலைமையாசிரியர், தன் காலத்தில் எழுதியதல்ல என்கிறார். தேர்வுக் குழுவினர், சான்றிதழைத்தான் பார்ப்போம் என்றார்கள். எழுதிய வாத்தியார் ஓய்வு பெற்றுவிட்டார். அவரையும் தேடிப் போனேன். பிள்ளைக்கு வயிறு நிறைந்ததா இல்லையா என்று கேட்டார். நிறைந்தது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். யார் மேலும் மனத்தாங்கல் இல்லை என்றால் அது பொய். ஆனால் யாரையும் தண்டிக்கச் சொல்லி இந்த மனு இல்லை.

5. பெரிய பெண்கள் அணியில் சேர்த்துப் பார்த்தார்கள். அங்கே ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு வந்தாள். இப்போது மட்டையைக் கூரையில் செருகிவிட்டு என்னோடு களையெடுக்க வருகிறாள். வரும் ஐப்பசியில் மறுபடியும் இளையோர் தேர்வு. அதையும் விட்டால் அவளுடைய நிஜ வயதும் தாண்டிவிடும்.

6. சென்ற மாதம் இளையவள் சொக்கம்மாளைப் பள்ளியில் சேர்க்கப் போனோம். அவளுக்கும் நாலு வயது, அக்காவின் கைதான். விரல் காதுக்குப் போகும்போது நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டேன். அடுத்த வருஷம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் பள்ளியில் சோற்றுக்கு மணி அடித்தால் குழந்தை தட்டை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கிறாள். நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியவில்லை.

எலும்பைப் படம் பிடித்தால் வயது தெரியுமாம். அரசு மருத்துவரிடம் அங்கம்மாளைக் காட்டி, ஐப்பசிக்குள் அவள் வயதைத் திருத்த உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பெரியவளுக்குத் திருத்திக் கொடுத்தால், சின்னவளின் கையை நான் இனிப் பிடிக்கமாட்டேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,

(இடது கைப் பெருவிரல் ரேகை)
காளியம்மாள்

இடம்: உத்திரமேரூர்
நாள்: 6-7-1981