வெளிப்பக்கம் திறக்கிற கதவு

அன்புள்ள பாப்புவுக்கு,

அம்மா எழுதறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கீங்கன்னு நம்பறேன். இங்க நானும் அப்பாவும் இருக்கோம், நல்லா இருக்கோம்னு எழுதத்தான் கை வரல. வீட்டுக்குள்ள ஏறின சேத்தை எல்லாம் அப்பா தானே வழிச்சுத் தள்ளிட்டு இப்போ முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார், சொன்னாக் கேட்டாத்தானே. நீ போன்ல மோட்டார் மாமா எப்படி இருக்கார்னு கேட்டப்போ நான் பேச்சை மாத்திட்டேன். வாயால சொல்ல முடியலடி. அவர் போயிட்டார்.

வெள்ளம் வந்த அன்னிக்குக் காலைல பத்து மணி இருக்கும், நீரேற்று நிலையத்துல அவர்தான் ட்யூட்டி. ஆத்துத் தண்ணி காம்பவுண்டுக்குள்ள வந்ததும் கூட இருந்த ரெண்டு பேரை மாடிக்கு அனுப்பிட்டு, ஓடற மோட்டார்ல தண்ணி பட்டாக் கருகிடும், அணைச்சுட்டு வந்துடறேன்னு சுவிட்ச் அறைக்குள்ள போயிருக்கார். அணைச்சும் இருக்கார். அதுக்குள்ள வெளிய இடுப்பளவுக்கு ஏறிடுச்சு. அந்த அறைக்கு ஒரே கதவு, அதுவும் வெளிப்பக்கம் திறக்கிற கதவு. வெளிய தண்ணி அழுத்தினதுல உள்ள இருந்து தள்ள முடியல. ஜன்னல்ல திருட்டுக்குப் பயந்து கம்பி, தண்ணி அது வழியா உள்ள ஏறிக்கிட்டே போச்சு. மாடியில இருந்து கயிறு கட்டி இறங்கப் பார்த்த அந்த ரெண்டு பேரையும் தண்ணி இழுத்துடுச்சு, அவங்க பிழைச்சதே பெரிசு.

அந்த அறையை வரைஞ்சது நான்தான்னு உனக்குத் தெரியும். அதுவரைக்கும் வந்ததுலயே பெரிய வெள்ளத்தைப் பார்த்து, அதுக்கு மேல மூணு அடி ஏத்தித் தளம் போட்டேன். மோட்டார் அம்பது வருஷம் நிக்கணும், குழாய் நிக்கணும், சுவர் நிக்கணும்னு எல்லாத்துக்கும் கணக்குப் போட்டேன். தண்ணி வந்துட்டா உள்ள இருக்கற மனுஷன் எப்படி வெளிய வருவான்னு போடல. தளத்துக்குத் தண்ணி வராதுன்னு நினைச்சுட்டா அந்தக் கேள்வியே வராதில்ல. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ள மட்டத்தை மறுபடி கணக்குப் பார்க்கணும்னு ஃபைல்ல நானே எழுதி வெச்சேன். முதல் தடவை பார்த்தோம். ரெண்டாவது தடவை வந்தப்போ நான்தான் அங்க பெரிய இன்ஜினியர். ஆத்துக்கு மேல்பக்கம் வெள்ளத்தைத் தாங்கிக்கிட்டிருந்த ஏரியைத் தூர்த்து வீடு கட்டிட்டிருந்தாங்க, அதுவும் என் கண்ணுல பட்டுது. ஆனா அந்த வருஷம் ஊரெல்லாம் குழாய் உடைப்பு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு கையெழுத்துப் போட்டுட்டேன். அடுத்த வருஷம் ரிடையர் ஆயிட்டேன். யாருமே எதிர்பார்க்க முடியாத வெள்ளம்மான்னு நீ சொன்னியே, அப்படிச் சொல்லாதே. நான் எதிர்பார்த்து எழுதியே வெச்சிருந்தேன்.

விசாரணைக்கு வந்தவங்ககிட்ட நானே ஆபீசுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். எதுக்கு நீயா போய் மாட்டிக்கறேன்னு அப்பா கோச்சுக்கிட்டார், ஆனா நான் வெளிய வர்ற வரைக்கும் வாசல்லயே நின்னார். புது அறைக்கு வரைபடம் போடறப்போ என்னையும் கூட உக்காந்து பார்க்கச் சொல்லியிருக்காங்க. மாடியில இருந்தே அணைக்கற மாதிரி சுவிட்ச், கூரைக்குப் போக ஒரு ஏணி, ரெண்டு பக்கம் வழி. உன் ஆபீஸ்லயும் இதே வேலைதானே, எது எவ்வளவு நாள் தாங்கும்னு பார்க்கறதோட நிறுத்திடாதே கண்ணு. அது தாங்காமப் போற அன்னிக்கு யார் எங்க நிப்பாங்கன்னும் பாரு.

பத்தாம் நாள் தண்ணி விட்டாங்க. அவர் அணைச்சதாலதான் ரெண்டு மோட்டாராவது மிஞ்சுச்சாம். தெருவே குடத்தோட நின்னுச்சு, என்னால குழாய்கிட்ட போக முடியல, அப்பாதான் தண்ணி பிடிச்சார். அன்னிக்குச் சாயங்காலம் மாமா வீட்டு அத்தையைப் பார்க்கப் போனேன். கதவை வரைஞ்சது நான்னு சொன்னேன். மாமா ரொம்ப நேரம் கதவைத் தட்டியிருப்பாரான்னு மட்டும் கேட்டாங்க. இல்ல, உடனே முடிஞ்சிருக்கும்னு சொல்லிட்டேன். மாடியில இருந்த ரெண்டு பேரும் என்கிட்ட சொன்னது வேற.

நீங்க ரெண்டு பேரும் நோய் நொடியில்லாம நிறைஞ்சு வாழணும். ஞாயித்துக்கிழமை மறக்காம அத்தைக்குப் போன் பண்ணு. என்ன பேசறதுன்னு யோசிக்காதே, அவங்க அழுதா கேட்டுக்கிட்டு இரு. உன்கிட்டயும் அதைக் கேட்டாங்கன்னா, அம்மா சொன்னதையே சொல்லிடு.

இப்படிக்கு,
உன் அம்மா