வேலூரா மெட்ராசா

12.8.2003, செவ்வாய் இரவு

மகன் சேகருக்கு வேலை மாற்றல். மெட்ராஸ் அல்லது வேலூர், எது வேண்டும் என்று நாளைக் காலை கம்பெனியில் சொல்ல வேண்டும். எங்கே போனாலும் நானும் கூடப் போக வேண்டும்.

சாப்பிடும்போது சொன்னான். “மெட்ராஸ்னே சொல்லிடறேம்மா. நைனா செத்த ஊருல உன்ன எப்படி இட்டுனு போய் வைக்கறது?”

“அங்க பீச்சு இருக்குது அத்த,” என்றாள் மருமகள்.

“ஆங், தெனம் பீச்சுல குந்திகினு சுண்டல் துன்றேன்” என்றேன். சிரித்தார்கள். பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

மெட்ராஸ் எனக்குப் பிடிக்காது. தங்கை வீட்டில் ஒரு மாதம் இருந்தேன். தண்ணீர் லாரி வரிசையில் எத்தனை குடம் என்று கேட்டார்களே தவிர, எந்த ஊர் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

வேலூர் பிடிக்கும். இதை எப்படிச் சொல்வது? இங்கே திருத்தணியில் அவர் எப்போதும் எனக்குப் பத்தடி முன்னால்தான் நடப்பார். கல்யாணமானதிலிருந்து அவர் முதுகைத்தான் பார்த்தேன். போன வருஷம் வைத்தியத்துக்காக வேலூரில் ரூம் எடுத்துத் தங்கினோம். சாயங்காலம் கோட்டை அகழி ஓரமாக என் தோளைப் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டே பக்கத்தில் நடந்தார். வேர்க்கடலை உரித்து என் கையில் கொடுத்தார். அவர் நோவில் இருந்தார். நான் சந்தோஷமாக இருந்தேன்.

புருஷன் செத்த ஊருக்குப் போக ஆசைப்படுகிறாளே என்று நினைப்பான். நினைக்கட்டும். சேகர் இருமுகிறான், இன்னும் தூங்கவில்லை. போய்ச் சொல்லிவிடுகிறேன்.