புகைபட்ட பாளைச் சீர்

ஊற்று வாழ்க! ஊற்றைக் காக்கும் நிழல் வாழ்க! எக்குலத்து வழிப்போக்கர்க்கும் நீர் மறுக்காத ஈந்தஞ்சோலை நாட்டு அரசியார் மருதங்கோதை மாதேவியார் திருவாய் மொழிந்தருள, ஓலைநாயகம் நக்கன் சேந்தன் எழுதியது. மேலைமணற்கோட்டை வேந்தரும் அரசியாரின் உடன்பிறந்த தமையனாருமான பொறையாதத் தேவர் கண்டருள்க. தங்கள் கோட்டையும் குடிகளும் நலமாயிருக்க அரசியார் இன்றும் வேண்டுகிறார். தங்கள் நலம் கேட்க மட்டும் அவருக்கு நா எழவில்லை.

அரசியார் இந்நாட்டுக்கு மருமகளாக வந்தபோது தாங்கள் இங்கு எழுந்தருளினீர்கள். காய்க்காத ஆண் பேரீச்சைகள் வீணாக நீர் குடிப்பானேன், அவற்றை வெட்டிவிட்டால் பெண் மரங்கள் செழிக்கும், பூக்காலந்தோறும் தங்கள் தோப்பின் ஆண்பாளைகளே தங்கைக்குப் பிறந்தவீட்டுச் சீராக வரும் என்று அவையறிய வாக்களித்தீர்கள். தோப்பு காப்போர் முணுமுணுத்தனர். அண்ணன் வாக்கைச் சந்தேகிப்பதா என்று அரசியார் அவர்கள் வாயை அடைத்துவிட்டு, தோப்பில் ஓர் ஆண் மரம் மிச்சமில்லாமல் வெட்டச் செய்தார்.

ஆண்டுதோறும் சீர் வந்தது, பெண்கள் மரமேறி, ஆண்பூவைப் பெண்பாளைக்குள் வைத்துக் கட்டினர், குலை பழுத்தது. இவ்வாண்டும் மேளதாளத்தோடு பாளைகள் வந்தன. அவற்றில் புகைநாற்றம் வீசுவதாக மரமேறிய பெண்கள் முறையிட்டனர். வழியில் கூடாரத்து அடுப்புப் புகை பட்டிருக்கும் என்று அரசியார் அவர்களைக் கடிந்தார். பிறந்தவீட்டுச் சீரைக் குறை சொன்னதாக அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

பிறகு தங்கள் தூதர் தானிய மூட்டைகளோடு வந்து சேர்ந்தார். ஈந்தஞ்சோலையில் காய் பொய்த்துவிட்டதாம். தங்கை பட்டினி கிடக்கத் தங்கள் மனம் பொறுக்கவில்லையாம். ஈடாக எங்கள் நாட்டு வடவூற்றை எழுதிக் கொடுத்தால் போதுமாம். ஆனால் அன்று குலைகளில் பிஞ்சு பச்சையாய் நின்றது. ஒரு குடிக்கும் குறை தெரியவில்லை. இங்கே யாரும் அறியாத பொய்ப்பு கோட்டைக்கு எப்படித் தெரிந்தது என்று அரசியார் வினவினார். புகை நாறிய அந்தச் சீர்ப்பாளைகள் அனலில் வாட்டிப் பூந்தாதைச் சாகடித்தவை என்பது அப்போதுதான் அரசியாருக்குப் புரிந்தது. பின்னர் பிஞ்சுகள் கொட்டையின்றிச் சூம்பி உதிர்ந்தன.

பேரீச்சை இங்கே வெறும் பழமரமன்று. அதன் நிழலில்தான் மாதுளையும் பார்லியும் விளைகின்றன. அதன் ஓலையில்தான் குழந்தைக்குத் தொட்டிலும் பிணத்துக்குப் பாடையும் பின்னுகிறார்கள். காய் இல்லையேல் குடிகள் பெயர்வர். குடிகள் பெயர்ந்தால் வாய்க்கால் தூர்ந்து, மணல் ஊரை மூடிவிடும். இதைத் தங்கைக்குச் சிறுவயதில் சொல்லித் தந்தவரே தாங்கள்தாம். படையோடு வந்திருந்தால் அரசியார் எதிர்த்து நின்றிருப்பார். சீர்த்தட்டை ஏந்தி வந்து கழுத்தறுத்தீர்களே! இதை எழுதச் சொல்லும்போது அவர் அழுதார். அழுததையும் எழுதச் சொன்னார்.

ஆகவே அரசியாரின் ஆணை இது. தானிய மூட்டைகள் கட்டவிழாமலே திரும்புகின்றன. பந்தயக் குதிரைகளையும் அரசியாரின் நகைகளையும் விற்றுக் கீழைநாட்டில் தானியம் கொள்ளப்படும். வணிகர் தங்கும் திடலில், ஒட்டகக்காரர் துப்பிய கொட்டைகளிலிருந்து தாமாக முளைத்த மரங்களில் சில ஆண்பாளை ஈன்றிருக்கின்றன. தங்கள் சீர் இருக்க அவை எதற்கென்று எவரும் அவற்றைச் சட்டை செய்ததில்லை. வரும் பூக்காலத்தில் அவையே எங்களுக்குப் போதும். தங்கள் நாட்டு வழிப்போக்கர்க்கு நீரும் நிழலும் முன்போலவே உண்டு. அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. இனி எக்காலத்தும் தங்கள் சீர் எல்லை தாண்ட வேண்டாம்.

உடன்பிறந்தார் இறந்தால் செய்யும் முறைப்படி, தாங்கள் கேட்ட அந்த வடவூற்றிலேயே அரசியார் இன்று தங்களுக்காகத் தலைமுழுகினார். ஈரம் உலராத கையால் அவர் இட்ட முத்திரை இது.