உதிர்ந்த ஒரு செல்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஜன்னலில்லாத ஓர் அறையில், கவச உடை போட்டுக்கொண்டு, ஒரே ஒரு செல்லின் டிஎன்ஏவைப் பெருக்கிப் படிப்பதுதான் என் வேலை. பெருக்கும்போது இல்லாத பிழைகளும் முளைக்கும், எதையும் உடனே நம்ப மாட்டோம். போன வாரம் ஒரு நோயாளியின் செல்லில் நரம்பைப் பாதிக்கும் பிழை தெரிந்தது. இங்கே வேலை செய்பவர்களின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அது என் தோலிலிருந்து உதிர்ந்த செல்.

"உன்னையே நீ படிச்சிட்டியே" என்று மேலாளர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பெருக்கியதில் வந்த பிழையாகத்தான் இருக்கும் என்று என் ரத்தத்தையும் கொடுத்தேன். முடிவு வந்துவிட்டது. அது கிடக்கட்டும். கவச உடையைக் கழற்றிய பிறகும் உள்ளேயே இருப்பது போலிருக்கிறது.

என் பழைய போர்வையை அனுப்பு. அப்புறம், அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது எந்த வயதில்? சும்மாதான் கேட்கிறேன்.

உள்ளே கூப்பிடுகிறார்கள்.

உன் மகள்