அம்மா சொன்னது

ஜூலை 12, மைசூர்

அம்முணி, உன்னோடு டிவி கம்பெனியில் வேலை பார்த்த சுமா இன்று வீட்டுக்கு வந்தாள். உன் நோட்டைக் கொண்டுவந்தாள். எங்கள் ஹனூர் பக்கத்தில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பெண்களைப் பற்றி நீ விவரம் சேர்த்து வைத்த நோட்டு. நீ கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. நீ பாதியில் விட்ட அந்த டிவி நிகழ்ச்சியை அவர்கள்தான் முடிக்கப்போகிறார்களாம்.

ஒவ்வொரு விவரத்துக்கும் இரண்டு டிக் போட்டிருக்கிறாய். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்ட பிறகுதான் இரண்டாவது டிக்காம். “என் பேரைக்கூட ரெண்டு பேர்கிட்ட கேட்டுத்தான் எழுதியிருப்பா ஆன்ட்டி,” என்று சுமா சிரித்தாள்.

என் பெயருக்கு நேராக மட்டும் டிக் இல்லை. ‘படிப்பு ஏறாததால் அஞ்சாவதோடு நின்றார். அம்மாவே சொன்னது, போதும்’ என்று எழுதியிருந்தாய்.

எனக்குப் படிப்பு நன்றாகவே ஏறியது, அம்முணி. மாடு மேய்க்க ஆளில்லை என்று உன் தாத்தாதான் என் புத்தகத்தை அடுப்பில் போட்டார். நீ அவர்மேல் உயிரையே வைத்திருந்தாய். அதனால்தான் மறைத்தேன்.

இன்று சுமாவிடம் சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கி, “இதைச் சொல்ல வேற யாராச்சும் இருக்காங்களா ஆன்ட்டி? பேஜார் ஆகபேடி, வருத்தப்படாதீங்க, அவ வச்ச ரூலு இது,” என்றாள்.

அந்த வீட்டில் இருந்தவர்களில் நான்தான் மிச்சம் என்றேன். “அப்போ முன்னாடி சொன்னது, இப்ப சொன்னது ரெண்டையுமே எடுத்துடறேன்,” என்று கோடு போட்டு அடித்தாள்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால், நீயும் இன்னொரு ஆளைத் தேடியிருப்பாயா அம்முணி, இல்லை, அம்மா சொன்னது போதும் என்றிருப்பாயா?