சக்களத்தி கரை ஒதுங்கினாள்

க்ளெய்ன்பாய்,
ஞாயிறு மாலை

அன்புள்ள டென்வருக்கு,

நான் நலம். நீயும் படகில் இருப்பவர்களும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் "இரு, சிக்னல் வருது, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதி, நாளை உங்கள் முகாமுக்குச் சாமான் கொண்டுவரும் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரக் காற்றில் சமையலறைக் கூரைத் தகரம் பிய்ந்துகொண்டது. என் தம்பி வந்து ஆணி அடித்துக் கொடுத்தான். ஆபரேஷன் காயம் ஆறிவிட்டது. குனிந்தால் மட்டும் இழுக்கிறது.

இனி, சொல்ல வேண்டியது. நீ அங்கே அல்கோவா விரிகுடாவில் ஸ்காட்டைத் தேடிக்கொண்டிருக்கிறாய். அவள் இங்கே இருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலை பக்கத்து வீட்டு சாரி என் ஜன்னலைத் தட்டினாள். "ஏ ரோசெல்டா, உன் சக்களத்தி கரை ஒதுங்கிட்டாடி!" என்று தெருவே கேட்கக் கத்தினாள்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மறைக்க மாட்டேன். 'ஸ்காட்', என் பொக்கிஷமே என்று நீ என்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டிருந்தாய்? அந்தச் செல்லப் பெயரை எடுத்து ஒரு சுறாவுக்கு வைத்தாய். அவள் முதுகுத் துடுப்பின் ஒவ்வொரு வெட்டும் உனக்கு மனப்பாடம். நான் முடி வெட்டிக்கொண்டு வந்து நின்றபோது உன் கண்ணில் படவே இல்லை. கொலைத் திமிங்கிலங்களுக்குப் பயந்து சுறாக்கள் நம் கடலைவிட்டுப் போனதும், அவள் பின்னாலேயே நீயும் போனாய்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அவள் மணலில் புரண்டு கிடந்தாள். நீளம் நம் வேனைவிடக் கொஞ்சம் அதிகம். பக்கத் துடுப்புகளுக்கு நடுவே கிழிந்து திறந்திருந்தது. ஈரல் இல்லை. மற்றது எதையும் தொடவில்லை. என் கை தானாக என் வயிற்றுத் தழும்புக்குப் போயிற்று.

பெண்பிள்ளைகள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் குறடோடு வந்து அவள் வாயைத் திறந்து பல்லைப் பிடுங்கப் பார்த்தான். எனக்கு என்ன வந்ததோ, "அவ மேல கை வச்சே, அந்தக் குறட்டாலயே உன் பல்லைப் பிடுங்கிருவேன்!" என்று பாய்ந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவன் போய்விட்டான். உங்கள் மாரெலீஸ் ஆய்வுக் குழுவோடு வரும்வரை நான் அவள் வாலருகே உட்கார்ந்திருந்தேன்.

மாரெலீஸ் துடுப்பை உங்கள் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, அவளேதான் என்றாள். பிறகு கிழிசலோரம் இருந்த பல்தடங்களை அளந்தாள். "ஈரலை மட்டும் திங்கிறது கொலைத் திமிங்கிலம்தான்னு இத்தன நாளா ஊகமாத்தான் சொன்னோம். இப்ப கையில ஆதாரம் இருக்கு. இனிமே சுறாவெல்லாம் ஏன் ஓடுதுன்னு யாரும் எங்கள மறுக்க முடியாது" என்றாள். சொல்லும்போதே அழுதாள்.

அப்புறம் சொன்னாள்: "டென்வருக்கு இப்பவே போன் போடறேன். கேட்ட நிமிஷமே கிளம்பி வந்துருவான் பாரு." அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து வயிற்றை அறுத்த அன்று, ஸ்காட் அங்கே தென்பட்டாள் என்று நீ வரவில்லை. செத்தவளுக்காக ஓடி வருவாயாம். நானே சொல்லிக்கொள்கிறேன் என்று மாரெலீஸின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அதனால்தான் உனக்கு இந்தத் தாமதம். திட்டுவதென்றால் என்னைத் திட்டு, அவளை அல்ல.

நீ அழுவாய் என்று எனக்குத் தெரியும். அழு. படகில் தனியாக உட்கார்ந்து அழாதே, யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள். மலைப்பாதையில் பனி இறங்குகிறது, வண்டியை மெதுவாக ஓட்டு. கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அவளைக் குளிர்சாதன அறையில் வைத்திருக்கிறார்கள். அவள் எங்கும் போய்விட மாட்டாள். நீ முதலில் வீட்டுக்கு வா, டென்வர்.

உன்,
ரோசெல்டா